மாரி வெள்ளமும் நீர்ப்பறவைகளும்: கொழும்புச் சதுப்புநிலத்தில் கணக்கெடுக்கும் முறை

நொவெம்பரில் 140 கொக்கு, டிசெம்பரில் 35 கொக்கு என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சக் கொக்குகள் எங்கே போயின? நீர்மட்டம் எழுதாத கொப்பியில் இதற்குப் பதில் கிடைக்காது. புதிதாகக் கணக்கெடுப்பவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பறவையை வடிவாகப் பார்ப்பார்கள், அது நிற்கும் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் நீரை அளக்க வேண்டும், அதன் பிறகு பறவையை எண்ண வேண்டும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகக்கூடியவர்களுக்காக எழுதியது இது.

1. இடத்தைத் தெரிவு செய்தல்

ஒரு இடம் போதும். மூன்று இடங்களுக்கு இரண்டிரண்டு தடவை போவதைவிட ஒரு இடத்துக்கு எட்டுத் தடவை போவதுதான் பயன் தரும். வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க அப்போதுதான் முடியும்.

தொடங்குபவர்களுக்குக் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா அல்லது தலவத்துகொடையின் தியசரு பூங்கா வசதி. நடைபாதை இருப்பதால் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. பத்தரமுல்லைக்குப் பக்கத்திலுள்ள தலங்கம குளமும் நல்ல தெரிவு, வீதியில் நின்றபடியே பார்க்கலாம். ஆனால் குளத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வான் (மேலதிக நீர் வழியும் இடம்) பாயத் தொடங்கினால் அதன் நீர்மட்டம் அதிகம் ஏறாது, மிகுதி நீர் வெளியேறிக் கீழேயுள்ள வயல்களை நிரப்பும், பறவைகளும் அங்கே இறங்கிவிடும். ஆகவே தலங்கமவை எடுத்தால் வயலையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முத்துராஜவெல 3000 ஹெக்டேயருக்குக் கிட்டிய பரப்பு, படகில்லாமல் உள்ளே பார்க்க முடியாது. முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

2. அனுமதி

பூங்காக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும். திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், மழைநாளில் நடைபாதையை மூடிவிடவும் கூடும். பெல்லன்வில–அத்திட்டிய 1990இல் சரணாலயமாக்கப்பட்ட இடம். அங்கே ஆய்வாகக் கணக்கெடுப்பதானால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முதலே பேசுங்கள்.

பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா வாவி ஓரமாகப் போகிறவர்களுக்கு ஒன்று. தொலைநோக்கியைப் பாராளுமன்றப் பக்கம் திருப்ப வேண்டாம். கூழைக்கடா அந்தத் திசையில்தான் இருக்கிறது என்று காவலில் நிற்பவருக்கு விளங்கப்படுத்துவது இலேசான காரியமல்ல. ட்ரோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அனுமதிச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அது ஒருமுறை பறந்தாலே முழுக்கூட்டமும் எழும்பிவிடும்.

3. கையில் வேண்டியவை

8×42 இருகண் நோக்கி, பென்சில், தடித்த மட்டை போட்ட கொப்பி, 5 மீற்றர் இரும்பு டேப், அதன் நுனியில் கட்ட ஒரு ஈயக் குண்டு, கம்பூட்ஸ், மழைக்கோட்டு, ஃபோனைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. பேனை வேண்டாம், ஈரத் தாளில் மை ஊறிப் படர்ந்துவிடும். முக்காலியில் நிறுத்தும் 20–60 மடங்குத் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெத்தகான போன்ற நெருக்கமான இடத்தில் சமாளிக்கலாம்.

விரலால் அழுத்தி எண்ணும் சிறிய கவுண்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை எடுக்காமல் எண்ண அது உதவும். ஒரு துணையாளும் வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். தானே பார்த்துத் தானே எழுதுபவர் தலை குனியும் நேரத்தில் பறவைகள் இடம் மாறிவிடும்.

4. நீர்மட்டத்துக்கு ஓர் அளவுப் புள்ளி

இதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் நான்கு மாதமும் தலையிடி இல்லை. தண்ணீருக்குள் கம்பு நட வேண்டாம். சேற்றில் அது அமிழும், வெள்ளத்தில் சாயும், யாராவது பிடுங்கிக்கொண்டும் போவார்கள். அதற்குப் பதிலாக, அசையாத ஒரு இடத்திலிருந்து தண்ணீர் வரை கீழ்நோக்கி அளவுங்கள்.

பாலத்தின் கொங்கிறீட் விளிம்பு அல்லது நடைபாதைத் தூணின் ஒரு குறிப்பிட்ட ஆணி இதற்குப் பொருத்தம். மிதக்கும் தட்டிகளில் அளக்கக் கூடாது, நீரோடு சேர்ந்து தட்டியும் எழும்புமென்பதால் வெள்ளம் வந்ததே தெரியாது. தெரிவு செய்த புள்ளியைக் கிட்டவும் எட்டவும் நின்று படமெடுத்து வையுங்கள். வர்ணம் பூசுவதும் ஆணி அடிப்பதும் கூடாது.

டேப்பின் நுனியில் குண்டைக் கட்டி மெதுவாக இறக்குங்கள். குண்டின் அடி தண்ணீரைத் தொட்டதும் ஒரு வட்ட அலை விரியும். அந்தக் கணத்தில் விளிம்போடு நிற்கும் இலக்கத்தை வாசியுங்கள். குண்டு 4 செ.மீ. நீளமென்றால் அதையும் கூட்ட வேண்டும். ஒரே குண்டைக் கடைசி வரை பாவித்தால் கூட்டாவிட்டாலும் வித்தியாசம் சரியாகவே வரும். குண்டு தொலைந்து வேறொன்று கட்டும் நாளில்தான் கரைச்சல் தொடங்கும், ஆகவே முதலிலிருந்தே கூட்டி எழுதுங்கள். காற்று வீசினால் மூன்று தடவை இறக்கி நடு அளவை எடுங்கள்.

அடுத்தது, அநேகமாக எல்லோரும் விடும் பிழை. இந்த முறையில் இலக்கம் குறைந்தால் தண்ணீர் கூடியிருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் 98 செ.மீ., மழைக்குப் பின் 65 செ.மீ. என்றால் நீர் 33 செ.மீ. ஏறியிருக்கிறது. கொப்பியில் “விளிம்பிலிருந்து” என்றும் “ஏற்றம்” என்றும் இரண்டு நிரல் போட்டு, அங்கேயே நின்று கழித்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதுவோம் என்று விட்டால் கூட்டலும் கழித்தலும் மாறிப்போகும்.

அடிப்படை அளவை ஒக்டோபர் மழை பிடிப்பதற்கு முன், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயிலடித்த பிறகு எடுங்கள். வெள்ளத்துக்குள் தொடங்கியவருக்கு எதோடு ஒப்பிடுவதென்று தெரியாது.

5. புறப்பட முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் வெயிலடித்தால் வெள்ளம் வடிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கோட்டே, கொலன்னாவைச் சதுப்புகளில் சேரும் நீர் வடக்கே களனி கங்கைக்கும், வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களால் கடலுக்கும் போகிறது. களனியின் மட்டம் உயர்ந்தால், ஆற்று நீர் நகருக்குள் திரும்பிப் பாயாமலிருக்க வடக்குப் பக்கக் கதவுகளை மூடிவிடுவார்கள். கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்த மழைக்காகப் பெத்தகானவில் தண்ணீர் தேங்கி நிற்பது இதனால்தான்.

ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நாகலகம் வீதி அளவை, அதாவது கொழும்பில் களனியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அது அடியில் சொல்லப்படும்: 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 4 அடியைத் தொட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆற்றின் மேற்பக்கத்திலுள்ள ஹங்வெல்ல அளவையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே ஏறும் நீர் பிறகுதான் நாகலகம் வீதிக்கு வந்து சேரும்.

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணித்தியால மழைவீழ்ச்சியைச் சொல்கிறது. அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதும்போது நேற்றைய மழை, இன்றைய மழை என்று குழம்பாமல் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். 100 மி.மீ. இற்கு மேற்பட்ட பலத்த மழை என்று அறிவித்தால் அன்று வீட்டிலிருப்பதே சரி. ஆபத்தில் மாட்டினால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நடைபாதை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதன்மேல் நடக்காதீர்கள். கழன்ற பலகை கண்ணுக்குத் தெரியாது. தெற்குப் பக்கமாகப் பொல்கொடை, அத்திட்டிய வரை உவர்நீர் முதலையும் இருக்கிறது. வெள்ளத்தில் அது வழக்கமான எல்லையைத் தாண்டி வரலாம்.

6. நீர் ஏறுகிறதா, தேங்கியிருக்கிறதா, வடிகிறதா

ஒரே 30 செ.மீ. ஏற்றம், ஏறும்போது ஒரு பறவைக்கூட்டத்தையும் வடியும்போது வேறொரு கூட்டத்தையும் காட்டும். எனவே அளவோடு திசையையும் எழுதுங்கள். அளக்கும் புள்ளியில் வந்தவுடன் ஒருமுறையும் போகும்போது ஒருமுறையும் அளந்தாலே திசை தெரிந்துவிடும்.

ஏறும் நீர். புழுவும் பூச்சியும் நிலத்திலிருந்து வெளியேறி ஓரத்துக்கு ஒதுங்கும். உண்ணிக்கொக்கும் மடையானும் அவற்றின் பின்னால் புல்வெளிக்கும் வீதியோரத்துக்கும் வரும். நடுச்சதுப்பை மட்டும் பார்ப்பவர் இவற்றைத் தவறவிடுவார்.

இதே வேளையில் நீலத் தாழைக்கோழியின் எண்ணிக்கை திடீரென இரட்டிப்பானதுபோல் தெரியும். வழமையாகக் கோரைக்குள் மறைந்து திரியும் பறவை, அடி மூழ்கியதும் நுனிக்கு ஏறி, தண்டைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டு வெளியே நிற்கும். பறவை கூடவில்லை, மறைவுதான் குறைந்திருக்கிறது. குறிப்பில் “கோரை மேல்” என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் பின்னால் வாசிப்பவர் ஏமாற மாட்டார்.

தேங்கிய நீர். ஆழம் கூடியதால் நடந்து மேயும் பறவைகள் விலகிவிடும். நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், கூழைக்கடா ஆகியவை மிஞ்சும். சீழ்க்கைச் சிறகிகள் பக்கத்து வயல்களுக்குப் பரவும். மொத்த எண்ணிக்கை விழுவது இந்தக் கட்டத்தில்தான். பறவைகள் அழிந்ததாகப் பதற வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு. தேங்கிய நீரில் மூழ்கிய புல்லும் ஆகாயத்தாமரையும் அழுகினால் ஒட்சிசன் குறைந்து, நீர் கறுத்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஒரே இடத்தில் நூறு கொக்கு கூடிவிடும். பார்க்க அழகாக இருந்தாலும் அது நல்ல சகுனமல்ல. நீரின் நிறத்தையும் மணத்தையும் அந்த இலக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வடியும் நீர். உங்கள் பயணங்களில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், மஞ்சள்மூக்கு நாரை, கொக்கு வகைகள், உள்ளான்கள் எல்லாம் இப்போதுதான் ஒன்றுசேரும். குழிகளில் அகப்பட்ட மீனும் வெளியே தெரியும் நத்தையும் அவற்றை இழுக்கின்றன. ஏறும்போதும் தேங்கும்போதும் வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். வடியத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். ஒரு குழி உணவு தரும் காலம் மிகக் குறுகியது.

எந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழம் என்பதற்குக் காலின் நீளமே அளவுகோல். சிறிய உள்ளான்கள் ஏறத்தாழ 4 செ.மீ. வரையான நீரிலும் ஈரச் சேற்றிலும் மேயும். கொக்கு, நாரைகளுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 செ.மீ. வரை சரிவரும். இதைத் திருப்பியும் பாவிக்கலாம். சின்ன வெள்ளைக் கொக்கின் காலில் முழங்கால்போல் தெரியும் மூட்டு தரையிலிருந்து கிட்டத்தட்ட 10 செ.மீ. உயரம். தண்ணீர் அந்த மூட்டைத் தொட்டு நின்றால், நீங்கள் இறங்காமலே அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும். சேற்றில் பாதம் புதைந்திருக்கலாம் என்பதால் இது மட்டுமதிப்புத்தான்.

7. நேரமும் நிற்கும் இடமும்

காலை 6.30 முதல் 8.30 வரை. அதற்குப் பிறகு தாழைக்கோழிகள் நிழலுக்குள் போகும், நாரைகள் வெப்பக்காற்றில் மேலெழும்பும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், எனவே காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் நீர்க்காகமும் தாழைக்கோழியும் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

வந்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் நீங்கள் வந்ததால் ஒளிந்தவை திரும்பி வெளியே வரும். நிற்கும் இடங்களை முதல் நாளே இலக்கமிட்டு, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அதே நேரம் நில்லுங்கள்.

8. எண்ணுதல்

முதலில் பறக்கக்கூடிய கூட்டம், பிறகு திறந்த நீரில் மிதப்பவை, கடைசியில் புல்லுக்குள் இருப்பவை. பயந்தவை முதலில் போய்விடும், புல்லுக்குள் இருப்பவை காத்திருக்கும். இடமிருந்து வலமாக ஒருமுறை ஒரு இனம், திரும்பி வந்து அடுத்த இனம் என்று எண்ணுங்கள். எல்லா இனத்தையும் ஒரே வீச்சில் எண்ணப் போனால் எல்லாக் கணக்கும் கெடும்.

50க்கு மேற்பட்ட கூட்டமென்றால் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை கண்ணில் எவ்வளவு அகலம் பிடிக்கின்றன என்று மனதில் பதியுங்கள். அந்த அகலத்தைக் கூட்டத்தின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்திப் பத்து, இருபது, முப்பது என்று போங்கள். நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரம் ஐதாகவும் இருக்கும். ஓரத்தில் எடுத்த அகலத்தால் முழுவதையும் அளந்தால் கணக்குக் குறைந்துவிடும். முடித்ததும் படமெடுத்து வீட்டில் சரிபாருங்கள். பழகாதவர்கள் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தைத் திருத்தப் படம்தான் வாத்தியார்.

பறந்து போனவற்றைத் திசையும் நேரமும் போட்டு எழுதுங்கள். “7.12, 18 அரிவாள்மூக்கன், தெற்கே” என்றிருந்தால், அடுத்த இடத்தில் 7.20க்கு இறங்கும் 18ஐ இரண்டாம் தடவை சேர்க்க மாட்டீர்கள்.

கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு ஆகியவற்றுக்கு மாலைக் கணக்கு நம்பகமானது. 5 மணியிலிருந்து இருட்டும்வரை தங்கும் மரத்துக்கு வருபவற்றை எண்ணுங்கள். காலைக் கணக்கோடு அதைக் கூட்டக் கூடாது, தனித் தாளில் வையுங்கள்.

9. குழப்பும் பறவைகள்

நீளவால் இலைக்கோழிக்கு மாரியில் நீளவால் இருக்காது. வேறு பறவையென்று எழுதிவிடுவார்கள். எழும்பும்போது வெள்ளை இறக்கையையும் மார்பில் கரும்பட்டியையும் பாருங்கள்.

பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்: பெரியதில் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்தில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். உயரத்தை நம்ப வேண்டாம், பக்கத்தில் ஒப்பிட ஆளில்லாமல் நிற்கும் கொக்கு எப்போதும் பெரிய கொக்காகத்தான் தெரியும்.

மீசை ஆலாவின் கரிய வயிறு குளிர்காலத்தில் வெளிறிவிடும். மடையான் உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் வெள்ளை. காலடியில் “ஸ்கேப்” என்று கத்தி வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைப் பெரும்பாலும் ஊசிவால் உள்ளான் என்று எடுக்கத் தோன்றும். வால் இறகைப் பார்க்காமல் இனம் எழுதாதீர்கள். “உள்ளான், இனம் தெரியாது” என்பது கௌரவமான பதிவு. ஊகித்து எழுதிய பெயரைப் பிறகு எவராலும் திருத்த முடியாது.

10. பதிவு

ஒவ்வொரு பயணத்துக்கும் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், விளிம்பிலிருந்து நீர், ஏற்றம், திசை, முந்தைய 24 மணித்தியால மழை, நாகலகம் வீதி அளவு, எண்ணியவர் பெயர். அதன் கீழே பறவைகள். பார்த்தும் கிடைக்காத இனத்துக்கு 0 போடுங்கள். வெற்றிடம் விட்டால் நீங்கள் தேடவில்லையா, பறவை இல்லையா என்று பின்னர் தெரியாது.

ஈபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றுவதானால் எண்ணிக்கையை இலக்கமாகவே கொடுங்கள், குறிப்புப் பகுதியில் நீர்மட்டத்தைச் சேருங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர விரும்பினால் உங்கள் வழக்கமான இடத்தையே கொடுங்கள். மூன்று மாதப் பழக்கம் அந்த ஒரு நாளில் கைகொடுக்கும்.

11. திரும்பி வந்த பிறகு

வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் வெட்டுக்காயம் உள்ளவர் நீரோரத்துக்கு வரக்கூடாது. அடிக்கடி போவதானால் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலே கேளுங்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், சதுப்புக்குப் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்ற நினைப்பிலேயே இரண்டு நாள் போய்விடும்.

இறந்த பறவை கிடந்தால் கையால் தொடாமல் படமெடுங்கள். ஒன்றுக்கு மேல் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992 இலக்கத்தில், அறிவியுங்கள்.

கம்பூட்ஸைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அடிப்பள்ளங்களில் சல்வீனியா என்ற நீர்க்களையின் துண்டு ஒட்டியிருந்தால் அது அடுத்த குளத்துக்குப் போய்விடும். டேப்பை முழுதாக வெளியே இழுத்துத் துடைத்து, காய்ந்த பிறகு சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டிய இரும்பு டேப்பில் முதலில் துருப்பிடிப்பது நுனிப்பக்கத்து முதல் ஒரு மீற்றர். நீங்கள் ஒவ்வொரு முறையும் வாசிப்பதும் அந்தப் பகுதியைத்தான்.